பக்கெட்டுக்கு ஓட்டுப் போடாதீங்க

— ஆதாரா? எடீ பேச்சி, வேட்பு மனுவை வாபஸ் வாங்கிட்டு வான்னு பறஞ்சு, மட்டாஞ்சேரி ஜெட்டி வரைக்கும் வந்து நானே உன்னைப் போட்ல ஏத்தி விட்டா, நீ எறணாகுளத்துல போயி ஆதார் எடுத்துட்டு வந்து நிக்கறியா?

— கத்தாத ரஜிதா. வரிசை நின்னுச்சு, நானும் நின்னேன். ரெண்டு ஆபீசுக்கும் ஒரே வராந்தாளா.

— போர்டைப் பாக்கக் கூடாதா?

— மலையாளத்துல எழுதியிருந்தா என்னத்தப் பாக்க? பன்னெண்டு வருசமா இந்த ஊருல பேசுதேன், படிக்கவா செய்யுதேன்? உள்ள போனதும் கம்ப்யூட்டர்காரப் பிள்ள பத்து வெரலையும் வையின்னுச்சு. வச்சேன். கண்ண நல்லா முழிச்சு கேமராவப் பாருன்னுச்சு. பாத்தேன். ஒரு மனுவ வாபஸ் வாங்கதுக்கே இம்புட்டுப் பத்திரமான்னு எனக்கு அரசாங்கத்து மேல ஒரு மரியாதையே வந்துட்டு.

— பின்னே எப்பத்தான் மனசிலாச்சு?

— அட்ரஸ் மாத்தணுமான்னு கேட்டப்பதான். மணி மூணே கால். எதுத்த ரூமுக்கு விழுந்தடிச்சு ஓடுனேன். 'வாபஸ் மூணு மணியோட முடிஞ்சு போச்சு சேச்சி, இனி நீங்களும் வேட்பாளர்'னு ஒரு ஆபீசர் எந்திரிச்சு நின்னு கும்புட்டாரு. எனக்கு அழுகையே வந்துட்டு.

— அழ வேண்டியது நானாக்கும்! உன்னை எதுக்கு மனு கொடுக்கச் சொன்னேன்? என் மனுவில ஏதாவது தப்பு கண்டு பிடிச்சுத் தள்ளிட்டாங்கன்னா, எனக்குப் பதிலா நிக்க ஒரு ஆளு. டம்மி. டம்மின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?

— தெரியாம என்ன? பிராட்வேயில ஜவுளிக்கடை வாசல்ல சேலை கட்டி நிறுத்திருப்பாவள்லா, அந்தப் பொம்மை.

— அதே. அந்தப் பொம்மை உள்ளே வந்து கல்லாவில உட்காருமா?

— நான் எங்களா உக்காந்தேன்? நிக்கத்தான செய்யுதேன்?

— அதுதான்டீ பிரச்சனையே! நிக்கறே! வார்டு பூராவும் என் கூட வந்து எனக்கு ஓட்டுக் கேக்க வேண்டியவ, எனக்கு எதிரா நிக்கறே! உனக்கு ஒரு சின்னம் வேற தருவாங்க இனி.

— தந்துட்டாவ. நீ மனுவுலயே தையல் மிஷினு கேட்டிருந்தேல்லா, அது ஒனக்கு. நான் ஒண்ணும் கேக்காததால மிச்சம் கெடந்ததுல ஒண்ணத் தள்ளி விட்டுட்டாவ.

— என்ன சின்னம்?

— பக்கெட்டு.

— பக்கெட்டா? நீ தினமும் காலையில வீடு வீடா தோசை மாவு எதுல கொண்டு போறே?

— பக்கெட்டுலதான். ஏன்?

— என்டம்மே!

*

— இனி அடுத்த வீட்டுல நான் பேசறேன். நீ வாயைத் தொறக்காதே.

— நான் என்ன தப்பாச் சொன்னேன்? பக்கெட்டுக்கு ஓட்டுப் போடாதீங்க, எங்க ரஜிதாவோட தையல் மிஷினுக்குப் போடுங்கன்னுதான சொன்னேன்?

— பக்கெட்டைத் தூக்கிக் காட்டிச் சொன்னே!

— தூக்காம மாவ எப்படிளா ஊத்த? கமலாக்ஷி சேச்சி ரெண்டு கிலோ கேட்டாவ. வீட்டுல விருந்தாளு.

— அவங்க பறஞ்சது உன் காதுல விழுந்துதா? 'ஓட்டுப் போடுன்னு எத்தனையோ பேரு வந்திருக்காங்க, எனக்குப் போடாதேன்னு வந்த ஒரே ஆளு நீதான் மோளே'ன்னு உன் கன்னத்தைத் தடவினாங்க. என்னை யாருன்னு கேட்டாங்க, பேச்சி! என்னை!

— நான்தான் சொன்னேன்லா, இவதான் நீங்க ஓட்டுப் போட வேண்டிய ஆளுன்னு.

— அதுக்கு, 'ஓ, பேச்சிக்குக் கூடமாட மாவாட்டற குட்டியா'ன்னாங்க.

— அவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

— இஸ்திரிக்கடை ஆறுச்சாமி அண்ணனுக்கும் மந்தமா? கடை வாசல்ல ஒரு பக்கெட்டைக் கவுத்தி வெச்சிருக்காரு, பாத்தியா?

— காயப் போட்டிருப்பாரு.

— மாலையோடவா?

— சரிளா. தேர்தல் முடியுத மட்டும் நான் மாவே விக்கல. போதுமா?

— முந்தாநாள் ஒரு நாள் நிறுத்தினியே, என்ன ஆச்சு? 'ரஜிதா அந்தப் பாவப்பட்டவளை மிரட்டி வீட்டுல உட்கார வெச்சுட்டா'ன்னு தெரு முழுக்கப் பேச்சு. என் சொந்தப் புருஷன் விபின் வந்து கேக்கறான், 'அவளை ஏன் அப்படிச் செய்தே, நாளைக்கு நான் எதைத் தின்னுட்டு உனக்கு ஆட்டோவுல மைக் கட்டறது'ன்னு.

— விபின் அண்ணன் நல்ல மனுசன்.

— அவன் ஓட்டு யாருக்குன்னே எனக்கு இப்ப சந்தேகம். எடீ, சிரிக்காதே. எனக்கு இது ஜெயிக்கணும்டீ. போன மழைக்குச் சாக்கடைக் கானைத் தண்ணி என் தையல் கடைக்குள்ளே கேறி, அம்ருதாவோட கல்யாண பிளவுஸ் பன்னெண்டும் கறுத்துப் போச்சு. கவுன்சிலர் கிட்டே போயி நின்னா, வந்த தண்ணி தானா இறங்கும்னான். நான் அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்? அன்னைக்கே தீர்மானிச்சேன், இந்தக் கானையை நானே கட்டறேன்னு.

— எனக்குத் தெரியாதா? அந்தப் பன்னெண்டையும் ஒன் கூட உக்காந்து தொவச்சவ நான்தான். எனக்கு மட்டும் என்ன ஆசையா? நான் வேணா ஒண்ணு செய்யுதேன். விபின் அண்ணன் ஆட்டோவுல ஏறி நின்னு, மைக்குல நானே எல்லாருக்கும் புரியுத மாதிரி சொல்லிருதேன்.

— என்னன்னு?

— 'அன்பான தாய்மார்களே, பக்கெட்டுப் பேச்சி பேசுதேன்'னு ஆரம்பிச்சு...

— ஆரம்பிக்கவே வேண்டாம்!

*

— கதவத் தொற ரஜிதா. நான்தான்.

— யாரு அங்கே மேளம் அடிக்கறது?

— மேளம் இல்ல. ஆறுச்சாமி அண்ணன் பக்கெட்டுல அடிக்காரு.

— அப்போ சரிதான். எத்தனை உனக்கு?

— எழுநூத்தித் தொண்ணூத்தி ரெண்டு.

— எனக்கு?

— அதையும் கேக்கியா? எழுநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு.

— மத்த கட்சிக்காரங்க?

— மூணு பேரும் நமக்குக் கீழதான். அவங்க மூஞ்சியப் பாக்க முடியல, ஏதோ நான் அவங்க வீட்டுல பூந்து திருடின மாதிரி. ரெண்டு தடவ கூட்டிப் பாத்தாச்சு. ஒத்த ஓட்டுளா, ஒத்த ஓட்டு! நான் ராஜினாமா பண்ணிருதேன். அதுக்கு எந்த வரிசைன்னு மட்டும் சொல்லு, இந்தத் தடவ சரியா நிக்கேன்.

— ராஜினாமா பண்ணினா திரும்பத் தேர்தல் வரும். திரும்ப நீ எனக்கு ஓட்டுக் கேக்கப் போவே. வேண்டாம் தாயே.

— அப்ப நீயும் என் கூட ஆபீசுக்கு வா. எழுதிருக்கத வாசிச்சுச் சொல்லு. அந்தக் கானையக் கட்டாம வீட்டுக்கு வரப்படாது நாம.

— சரி, வர்றேன்.

— என்ன சரி? வைய வேண்டியதுதான? அடிக்க வேண்டியதுதான? நீ இப்படி ஒடனே சரின்னா எனக்குப் பயமா இருக்குளா.

— நான் உன்னை ஏன்டீ வையணும்?

— எனக்கு ஆறவே மாட்டேங்கு. ஓட்டன்னைக்குக் காலையில வரிசையில நின்ன ஆளு ஒண்ணு விடாம சத்தியம் வாங்கினேன். மாடத்தி அக்கா பேரன் தலையில அடிச்சாவ, தையல் மிஷினுக்குத்தான்னு. ஜெயலக்ஷ்மி டீச்சர் தாலியத் தொட்டுக் காட்டினாவ. எம் புருசன் இசக்கிராஜா சூடம் இருந்தா அணைச்சிருப்பாரு. நானும் மனசறிஞ்சு தையல் மிஷின்லதான் அமுக்கினேன். அம்புட்டு பேரும் எம் மூஞ்சிக்கு நேரா சத்தியம் பண்ணிட்டு உள்ள போயி ஏமாத்திட்டாவளே! எழுநூத்திச் சொச்சம் பேரக் கூட விட்ருதேன். அந்தக் கடைசி ஒத்த ஓட்டப் போட்டது எவன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா...

— பேச்சி.

— ...அவன் வீட்டுக்கு ஆயுசுக்கும் மாவு கெடையாது!

— பேச்சி, அந்த வரிசையில உனக்குப் பின்னால நானும்தானே நின்னேன். எல்லாரும் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினதை நானும் கேட்டேன்.

— கேட்டேல்லா? நீயே சாட்சி!

— கேட்டுட்டு உள்ளே போனேனா. அங்கே எல்லாருக்கும் கீழே, கடைசீல உன் பேரு. இத்தனை நாளும் எனக்காகச் செருப்புத் தேஞ்சு நடந்தவளுக்கு ஒரு ஓட்டுக் கூட விழப் போறதில்லையே, நாளைக்கு ஊரே சிரிக்குமேன்னு நினைச்சு... நான்தான்டீ உனக்கு அமுக்கினேன்.