பதினேழு பிள்ளையார் சுழி

உளுந்து வடை ஆறினால் கல்லாகிவிடும். முதலில் அதைச் சாப்பிடுங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம். தேக்காவில் இந்தக் கடை வடைக்கு ஒன்பது மணிக்கு மேல் உயிர் கிடையாது. என் சின்னக் காய்கறித் தள்ளுவண்டியை மட்டும் காலால் தள்ளாதீர்கள் ரக்ஷனா. மேலே முளைக்கீரை இருக்கிறது, நசுங்கினால் வீட்டில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெயர் சுப்பிரமணியம், வயது அறுபத்து நான்கு, பிடோக்கில் மூவறை வீடு. தொடக்கப்பள்ளி ஒன்றில் முப்பத்தைந்து வருடம் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன். படிவத்தில் கறுப்பு மை என்று போட்டிருந்தால் நீல மையில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன். நான் செய்ததெல்லாம் விதிக்கு உட்பட்டுத்தான் என்பது உங்கள் நில அலுவலக அறிக்கையில் வர வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

கோவிந்தசாமி என் மனைவி சிவகாமசுந்தரியின் அண்ணன், எனக்கு மச்சான். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். மனைவி தவறிப்போன பிறகு வீட்டை விற்றுவிட்டார். "நகராத வீட்ல எனக்குத் தூக்கம் வரல மாப்ளே" என்றார். சொன்ன கையோடு, சினிமாக்காரர்கள் மேக்கப் போட உட்காருவார்களே, அந்த மாதிரி ஒரு பழைய கேரவனை வாங்கிவிட்டார். கூரை ஒழுகியது. தரைப்பலகையில் கால் வைத்தால் கால் புல்லில் இருந்தது. பாசிர் ரிஸ் பக்கம் செடி நர்சரி வைத்திருக்கும் அவருடைய நண்பர் ரியாஸ், பின்பக்கத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, நீயே இங்கே காவலாளியாக இருந்துகொள் என்றார். கேரவனைச் சீர்செய்து முடிக்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை மச்சான் எங்கள் ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

செடி வளர்க்க ஒதுக்கிய நிலத்தில் வீடு இருக்கக் கூடாது, காவலாளி தங்கும் வண்டி இருக்கலாம், தள்ளினால் அது நகர வேண்டும். உங்கள் அலுவலக விதி இது. நகர்ந்தால் வண்டி, நகராவிட்டால் வீடு. அதை நான் மூன்று முறை ரசித்துப் படித்தேன். இவ்வளவு தெளிவாக எழுதுகிறவர்கள் இப்போது குறைவு.

அந்த இரண்டு மாதம் பதினொரு மாதமானது. அதற்குக் காரணம் நான்.

முதல் கடிதம் படியைப் பற்றியது. கேரவன் வாசலில் மச்சான் சிமெண்டில் ஒரு படி கட்டினார். ஞாயிற்றுக்கிழமை ரசமட்டம் பிடித்தவன் நான். "இந்தப் பக்கம் ஒரு நூல் எறங்குது மச்சான்" என்று திருத்தியவனும் நான். மறுநாள் காலை பெயர் போடாமல் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன்: சிமெண்ட் படி நிரந்தரக் கட்டுமானம், வண்டியை நகரவிடாது. வியாழக்கிழமை நோட்டீஸ் வந்தது. சனிக்கிழமை மச்சான் படியை உடைத்தார், நொறுங்கியதை வாளியில் அள்ளிக் கொட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் தகரப் பந்தல், தண்ணீர்க் குழாய், டயர் ஓரமாக நட்ட முருங்கை. வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்று வண்டியைத் திருப்பி நிறுத்தி, அசையாமலிருக்கச் செங்கல் முட்டுக் கொடுத்தார். கிழக்கு எது என்று திசைகாட்டி வைத்துச் சொன்னது நான். செங்கல்லைப் பற்றி எழுதியதும் நான். மொத்தம் பதினேழு கடிதம்.

ஏன் என்று கேட்டீர்கள். விதி மீறினால் எடுத்துச் சொல்வது குடிமகனின் கடமை. வேறு காரணம் இல்லை.

சிவகாமசுந்தரியைப் பற்றி ஒரு வார்த்தை, இதற்குச் சம்பந்தமில்லை என்றாலும். நல்ல மனுஷி, கொஞ்சம் வாய். முப்பத்தெட்டு வருடம் அந்த வாய்க்கு நான் ஒருவன்தான். மச்சான் வந்த மறுநாளே, "அண்ணே, ஈரத்துண்ட சோபா மேல போடாதீங்கன்னு எத்தன தடவ லா சொல்றது?" என்று ஆரம்பித்தாள். நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அன்றைக்குத்தான் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். இடி எங்கே விழுந்தாலும் மச்சான் தலையில் விழுந்தது, அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை இரண்டு பேரும் கேரம் ஆடுவோம். அவர் அழுகுணி ஆட்டம் ஆடுவார், நான் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் இதெல்லாம் காரணம் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் மச்சான் அந்தக் குறையைச் சரிசெய்தார். படிக்குப் பதிலாக மடக்கு ஏணி. பந்தலுக்குப் பதிலாகச் சுருட்டி வைக்கிற துணி. குழாய்க்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள், நான் குரங்கு பிடிக்கப் போய் அது பிள்ளையாராக வந்து உட்கார்ந்துவிட்டது. பதினேழாவது கடிதத்துக்குப் பிறகு அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நான் கேரவனுக்கு அடியில் படுத்துக்கூடத் தேடினேன்.

போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. இன்று காலை பதினொரு மணிக்குக் கடைசிச் சோதனை, கேரவன் பத்தடி நகர வேண்டும். நகர்ந்தால் அனுமதி. நகராவிட்டால் இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள், இனித் தவணை கிடையாது. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பன்னெண்டு மணிக்கு உள்ள பால் காய்ச்சறோம் மாப்ளே, பால் பொங்குறப்ப நீங்க பக்கத்துல நிக்கணும்." திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? ரொம்ப சந்தோஷம் என்றேன். சிவகாமசுந்தரி அன்றைக்கே அவர் தலையணைக்கு உறை மாற்றி, மடித்துப் பையில் வைத்துவிட்டாள். சோபா காலியாகத் தெரிந்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, புளிக்குழம்பில் உப்பு அதிகம்.

என்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யோசித்துக்கொண்டேதான் வந்தேன். நீங்கள் பதினேழையும் இந்த மேசையில் வரிசையாக வைத்ததும் புரிந்தது.

"அங்கிள், எங்க ஆபீஸுக்குத் தமிழ்ல கம்ப்ளெய்ன்ட் எழுதுற ஒரே ஆள் நீங்கதான். தமிழ் தெரியும்னு எல்லாத்தையும் என்கிட்டயே கொடுத்துட்டாங்க" என்றீர்கள். நாட்டின் நான்கு ஆட்சி மொழியிலும் எழுதலாம் என்று படிவத்தில் இருந்தது. இருக்கும்போது தமிழில் எழுதுவதுதானே முறை?

"சரி, மொட்டைக் கடிதத்துக்கு யாராச்சும் பிள்ளையார் சுழி போடுவாங்களா?"

ஒவ்வொன்றின் உச்சியிலும் கறுப்பு மையில் ஓர் 'உ', கீழே இரண்டு கோடு. நான் மளிகைச் சீட்டுக்கே சுழி போடுகிறவன். எடுத்த காரியம் தடையில்லாமல் முடிய வேண்டாமா? பெயரைத்தான் மறைக்க நினைத்தேன், பிள்ளையாரை மறைக்க என்னால் முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. தள்ளுவண்டியில் அந்தக் கீரைக்கட்டைத் தூக்கிப் பாருங்கள். கீழே, பழைய துண்டில் சுற்றி. ஆமாம், கேரவன் மூக்குக்கு முட்டுக்கொடுக்கும் முன்சக்கரம். அது இல்லாமல் கேரவன் மூக்கைத் தரையில் ஊன்றிக்கொள்ளும், பத்தடி என்ன, பத்து அங்குலம்கூட நகராது. இன்று காலை ஏழு மணிக்கு நர்சரியில், மச்சான் பால் வாங்கப் போன நேரத்தில் கழற்றினேன். அவருடைய ஸ்பேனரால்தான். மூக்குக்கு அடியில் அதே பழைய செங்கல்லை வைத்தேன். பிறகு பஸ் பிடித்து இங்கே வந்து, மறைக்க ஏதாவது வேண்டுமே என்று கீரை வாங்கினேன். கீரை நன்றாக இருந்தது.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

இது என்ன நீட்டுகிறீர்கள்? கேரவன் வரைபடமா? மச்சான் கையால் போட்டது, கோடெல்லாம் பஸ் பாதை மாதிரி வளைகிறது. இது அவர் கட்டில், ஆறடி. நடுவில் கேரம் பலகை. இந்தப் பக்கம் இன்னொரு மடக்குக் கட்டில், ஐந்தடி மூன்றங்குலம். மேலே பென்சிலில் 'மாப்ளே' என்று எழுதியிருக்கிறது.

அடுத்த தாள் மச்சானின் விண்ணப்பம்: மாற்றுக் காவலாளி, வாரத்தில் மூன்று நாள், பெயர் சுப்பிரமணியம். கீழே சம்மதம் என்று சிவகாமசுந்தரியின் கையெழுத்து. அழுத்தமான கையெழுத்து, யோசித்துப் போட்ட மாதிரித் தெரியவில்லை.

"இந்தக் கடிதங்கள அவர்கிட்டக் காட்டினேன் அங்கிள். ரெண்டாவது நோட்டீஸ் வந்தப்பவே தெரியும்னு சொன்னார். 'எழுதுறது எங்க மாப்ளதான், எழுதட்டும் லா. அவர் எழுதலன்னா அந்தத் தகரம் என் தலையில விழுந்திருக்கும்'னார்."

ரெண்டாவது நோட்டீஸ் என்றால் பத்து மாதம். பத்து மாதம் தெரிந்துகொண்டே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் வாங்கிக் கொடுத்த தே தாரிக்கைக் குடித்திருக்கிறார். கொஞ்சம் இருங்கள் ரக்ஷனா, வடையில் மிளகு அதிகம், கண்ணில் தண்ணீர் வருகிறது.

மணி ஒன்பதே முக்கால். நீங்கள் சோதனைக்கு அங்கேதானே போகிறீர்கள்? உங்கள் வண்டியில் எனக்கும் இந்தச் சக்கரத்துக்கும் இடமிருந்தால், பதினொரு மணிக்குள் நானே மாட்டிவிடுகிறேன். பாசம் அது இது என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். கேரவன் என்றால் மூன்று சக்கரமும் இருக்க வேண்டும், அதுதான் விதி.

அப்புறம், நான் ஐந்தடி நாலங்குலம். கட்டில் ஓர் அங்குலம் குறைகிறது. ஒரு தாள் கொடுங்கள், வழியிலேயே எழுதித் தந்துவிடுகிறேன்.

கடைசியாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாளும் நான் அங்கே போய்ப் படுப்பது, மச்சான் விதியை மீறாமல் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு மட்டும்தான்.