மலையேறக் கூடாத நாள்

நீச்சல் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். சொன்னதைக் கேட்பார்கள். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள்தான் தொந்தரவு. தண்ணீர் தங்களுக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். என் தங்கை கற்பகத்தின் புருஷன் மனோஜ் அந்த ரகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை மேடம். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், எனக்கு முதல் என்று தோன்றுவது இதுதான்.

என் பெயர் ஜக்கையன். அந்தமானில் ஒரு ஸ்கூபா பள்ளியில் பயிற்சி கொடுப்பவனாக இருந்தேன். அம்மா செத்ததும் ஊருக்கு வந்துவிட்டேன். கற்பகம் அப்போது போடியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள், அவளைத் தனியாக விட முடியாது. சிலமலை ஊரைத் தாண்டி கைவிட்ட கல்குவாரி ஒன்று தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்துப் பயிற்சி வைத்தேன். மலையடிவாரத்தில் ஸ்கூபாவா என்று சிரித்தார்கள். பிறகு தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். கிணற்றில் யாராவது விழுந்துவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டிருக்கிறீர்கள்.

என்னிடம் படித்த ஒருவருக்கும் மூக்கில் ரத்தம்கூட வந்ததில்லை. அதற்குக் காரணம், நான் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் வாய் வலிக்கப் பேசுவேன். தண்ணீருக்கு அடியில் மூச்சை அடக்கவே கூடாது என்பேன். கிணற்றில் குளித்தவன் முதலில் அதைத்தான் செய்வான். அடியில் இழுத்த காற்று மேலே வரவர நெஞ்சுக்குள் விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதி, அடைப்பு விட்ட பிறகே கீழே போக வேண்டும். தனியாக இறங்கக் கூடாது. டேங்கில் காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வரும்போது உன் வாயிலிருந்து போகும் குமிழியை நீ முந்தக் கூடாது.

கடலோரத்தில் இன்னொன்றும் சொல்லுவோம். இறங்கிய அன்று விமானம் ஏறக் கூடாது. போடியில் அதை மாற்றிச் சொல்லுவேன், இறங்கிய அன்று மலையேறக் கூடாது. ஆழத்தில் அழுத்தம் அதிகம். இழுக்கிற காற்று ரத்தத்தில் கரைந்து நிற்கும், சோடா பாட்டிலில் காஸ் நிற்கிற மாதிரி. மெதுவாகத் திறந்தால் ஒன்றுமில்லை, வெடுக்கென்று திறந்தால் பொங்கும். மலை மேல் காற்றழுத்தம் குறைவு. குவாரியிலிருந்து நேராகப் போடிமெட்டுக்கு ஏறுகிறவன் அந்த மூடியைத் தன் உடம்புக்குள் திறக்கிறான். பொங்கினால் மூட்டில் வலிக்கும். முதுகுத்தண்டில் பொங்கினால் கால் போய்விடும்.

தேவி என்று ஒரு பெண் படித்தாள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வீடு. ஒருநாள் குவாரியிலிருந்து ஏறிய கையோடு அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்துவிட்டது. போயே தீருவேன் என்று அழுதாள். நான் விடவில்லை. எங்கள் சித்தி வீட்டில் தங்கவைத்து, மறுநாள் நானே பஸ் ஏற்றிவிட்டேன். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கற்பகம் படிப்பு முடிந்ததும் குவாரியில் என்னோடுதான் இருந்தாள். டேங்குகளுக்குக் காற்று நிரப்புவாள், உடுப்பு காயப்போடுவாள், வருகிறவர்களிடம் பேசுவாள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவோம். அப்படியே போயிருக்கலாம். மனோஜ் மலைமேல் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டு போடிக்கு வரும்போது அவளைப் பார்த்திருக்கிறார். அவளுக்கும் பிடித்திருந்தது. நான் மறுக்கவில்லை. கல்யாணத்தை முன்னால் நின்று செய்துவைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். ஆனால் எதற்கும் பயமில்லாத ஆள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் பைக் ஓட்டுவார், பின்னால் என் தங்கை உட்கார்ந்திருப்பாள். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் கிடக்கும். அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். முன்பெல்லாம் நான் சொன்னால் சிரிக்க மாட்டாள்.

வாரம் தவறாமல் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பழம், மருந்து, அவளுக்குப் பிடித்த காராச்சேவு. கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயைச் சரிபார்ப்பேன், கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். ஒருநாள் கதவைத் தட்டியபோது திறக்க நேரமாயிற்று. மனோஜ்தான் திறந்தார். டீ கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே வர்றதுன்னா ஒரு போனு போட்டுட்டு வாங்க.”

கற்பகம் அடுக்களையில் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் வெளியே வரவில்லை.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு போன் போட்டேன். சில நேரம் எடுத்தார்கள், சில நேரம் எடுக்கவில்லை.

போன வருஷக் கடைசியில் மனோஜுக்குக் கொச்சியில் ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் கிளம்புவதாக முடிவு செய்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். சொல்ல வந்த இடத்தில் அவரே கேட்டார். “கடலுப் பக்கம் போகப் போறோம் மச்சான். அதுக்குள்ள இந்த வித்தைய எனக்கும் கத்துக் குடுங்க.” நான் சரி என்றேன். மனிதர் ஒன்றை விரும்பிக் கேட்கும்போது மறுப்பது அழகில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் ஜீப்பில் இறங்கி வருவார். முதலில் கழுத்தளவுத் தண்ணீரில் பழக்கினேன். மூச்சு, காது, காற்று அளவு, முகக்கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அவர் மட்டும் தனியாக வந்ததால் மற்ற பையன்கள் கேட்கும் கேள்விகள் அவர் காதில் விழ வாய்ப்பில்லை. மலையைப் பற்றி நான் பேசவில்லை. அந்த நாட்களில் ஆழத்துக்கு அழைத்துப் போகவும் இல்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஜீப்பில் ஏறி மேலே போனார், மறு ஞாயிறு இறங்கி வந்தார். தண்ணீரில் இறங்கிவிட்டு மலையேறினால் ஒன்றும் செய்யாது என்று அவரே நினைத்துக்கொண்டார்.

குவாரியின் அடியில் பழைய கிரேன் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. நூறடிக்கு மேல் ஆழம். பழகுகிறவர்கள் யாரையும் அங்கே விட்டதில்லை. அதைப் பற்றி அவரிடம் சொன்னேன். பார்க்க வேண்டும் என்றார். அவராகத்தான் கேட்டார் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். சொல்லியிருக்காவிட்டால் கேட்டிருக்க மாட்டார் என்பதும் உண்மைதான்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு அது. காலையில் அவரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கவிட்டேன். நான் மேலேயே, வெளிச்சம் இருக்கிற ஆழத்தில் கயிற்றோடு நின்றேன். கிரேனைத் தொட்டுவிட்டு வந்தார். அவ்வளவு சந்தோஷம். கேமராவைக் கொண்டுபோகட்டுமா என்றார். டேங்கை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, நான்தான் இன்னொரு தடவை போய்வாருங்கள் என்றேன். அவர் கீழே இருக்கும்போது கயிற்றைச் சுண்டினேன். உடனே மேலே வா என்று அதற்கு அர்த்தம். குமிழியை முந்திக்கொண்டு வந்தார். மூச்சை மட்டும் அடக்கவில்லை, அதை நான் நன்றாகப் பழக்கியிருந்தேன். அவர் சாகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். என் தங்கையைத் தாலியறுக்க வைப்பேனா.

கரையில் உட்கார்ந்து துவட்டிக்கொண்டே அவர் என்னைக் கூப்பிட்டார். “வாங்க மச்சான், மேல போவோம். ஒங்க தங்கச்சி கோழி அடிச்சு வச்சிருக்கு. ராத்தங்கிட்டு நாளைக்கு எறங்கலாம்.” எத்தனையோ நாளாக நான் எதிர்பார்த்த வார்த்தை அது. காற்று நிரப்புகிற கம்ப்ரசரில் வேலை இருக்கிறது, நீங்கள் போங்கள் என்றேன். நானும் அன்று தண்ணீரில் இறங்கியிருந்தேன். நான் விதியை மீறுவதில்லை.

ஜீப் ஓட்டுகிற ஒச்சப்பனிடம் மழை வர்ற மாதிரி இருக்கு, எங்கும் நிறுத்தாமல் வெரசா போய்விடுங்கள் என்று சொன்னேன். மழைக்கான மேகம் எதுவும் இல்லை. ஒச்சப்பன் உங்களிடம் அதைச் சொல்லியிருப்பார்.

பாதி மலையில், புலியூத்துப் பக்கத்தில் இருந்து மனோஜ் போன் போட்டார். தோள் குத்துகிறது என்றார். ஜீப்பின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்.

“காலு மரத்துப்போன மாதிரி இருக்கு மச்சான். ஒச்சப்பண்ணேங்கிட்டச் சொல்லித் திருப்பிரவா?”

மேடம், அந்த நேரத்தில் திருப்பியிருந்தால் போதும். என் ஷெட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. முகமூடியை மாட்டிப் படுக்கவைத்து, ஆளை மறுபடி அழுத்தத்தில் வைத்து மெதுவாக விடுவிக்கிற அழுத்த அறை இருக்கிற ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் நடந்திருப்பார். இதெல்லாம் எனக்குத் தெரிகிற அளவுக்கு இந்தத் தாலுகாவில் வேறு யாருக்கும் தெரியாது. சிலிண்டரின் மேல் கை வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

“ஒண்ணுமில்ல மாப்ளே. தண்ணிக் குளுத்தி. வீட்டுக்குப் போயிச் சுடுதண்ணி ஊத்திட்டுப் படுங்க, சரியாயிரும்.”

சரி மச்சான் என்றார். நான் சொன்னதை அவர் முழுதாகக் கேட்டது அன்றுதான்.

பொழுது சாய்வதற்குள் கற்பகம் போன் செய்தாள். எழுந்து நிற்க முடியவில்லை, ஒன்றுக்குப் போக முடியவில்லை என்று அழுதாள். மேலே ஒரு ஆஸ்பத்திரி, பிறகு தேனி, பிறகு மதுரை. எல்லா இடத்துக்கும் நான் போனேன். டேங்க் கட்டி இறங்கினேன் என்று மனோஜே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதனால் இப்படி ஆகுமா என்று கேட்டார். படித்த மனிதர், தெரியாததைத் தெரிந்தவனிடம் கேட்டார். கழுத்தளவுத் தண்ணீரில்தான் பழக்கினேன், அதில் இப்படி வர வழியில்லை என்றேன். ஆழத்துக்குப் போனதாக இவர் சொல்கிறாரே என்றார். பழகுகிறவர்களுக்குக் கொஞ்சம் இறங்கினாலே ஆழமாகத் தெரியும் என்று சிரித்தேன். அவர் எழுதிக்கொண்டார். அதற்குள் சிகிச்சைக்கான நேரமும் தாண்டிவிட்டது.

இரண்டு பேரையும் போடிக்கு என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். வேறு போக்கிடமும் இல்லை, கொச்சி வேலை போய்விட்டது. முன்னறையில் கட்டில் போட்டேன். கதவை அகலப்படுத்தினேன். மனோஜைப் புரட்டிப் படுக்கவைப்பது, டியூப் மாற்றுவது எல்லாம் நான். முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மச்சான் இல்லையென்றால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்றார். அப்போது எனக்குச் சங்கடமாக இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கற்பகம் எதுவென்றாலும் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டோம்.

தேவி அவரைப் பார்க்க வந்தது முந்தாநாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் குவாரியில் இருந்தேன். பேச்சு வாக்கில்தான் சொல்லியிருக்கிறாள், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. “எங்கள எல்லாம் அண்ணன் தண்ணியில எறங்குன அன்னைக்கு மலையேறவே விடமாட்டாருக்கா. அம்மாவுக்குக் காய்ச்சலுன்னு அழுதேன், அப்பவும் விடல.” ஏன் என்று கற்பகம் கேட்டிருக்கிறாள். சோடா பாட்டில் விஷயத்தை அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறாள். நல்ல மாணவி.

நான் வீட்டுக்கு வந்தபோது மனோஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். யார் திருப்பிப் படுக்கவைத்தது என்று கேட்டேன். கற்பகம் சாப்பாடு போட்டாள். நான் கை கழுவிவிட்டு உட்காரும்வரை காத்திருந்தாள்.

“அன்னைக்குக் கோழி அடிச்சுட்டு ஒன்னையுந்தான கூப்பிட்டோம். நீ ஏண்ணே ஜீப்புல ஏறல?”

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. சொன்னேன். மழை என்று சொன்னது, கயிற்றைச் சுண்டியது, போனில் பேசியது எல்லாம். அவள் கத்தவில்லை. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்றுக் காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. டிரைவரிடம் ஸ்டேஷன் என்று அவள்தான் சொன்னாள். நான் ஏறி உட்கார்ந்தேன். அவளாக வண்டி பிடித்துக் கொடுத்து என்னை எங்கேயும் அனுப்பியது அதுதான் முதல் தடவை.

ஆக, செய்தது நான். தெரிந்து செய்தேன், யோசித்துச் செய்தேன். ஒச்சப்பனுக்கும் தேவிக்கும் இதில் சம்பந்தமில்லை. கால்தான் போகும் என்று உறுதியாகத் தெரியாது. வெறும் மூட்டு வலியோடு போயிருக்கலாம், ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம். அதை நான் மலையிடம் விட்டுவிட்டேன். நான் விரும்பியதெல்லாம் அவர்கள் கொச்சிக்குப் போகக் கூடாது என்பதுதான். போயிருந்தால் அந்தக் கடலில் அவருக்கு என்ன ஆகியிருக்குமோ. என்னைத் தவிர யாரும் அதை யோசிக்கவில்லை.

இன்று காலையில் உங்கள் கான்ஸ்டபிள் வந்து சொன்னார், கற்பகம் ஒச்சப்பன் ஜீப்பைக் கூப்பிட்டு, நாலு பேரை வைத்து மனோஜைத் தூக்கி ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டாளாம். என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். தெருவுக்கு என்ன தெரியும். போகும்போது வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பூட்டி, அவள் வைத்திருந்த சாவியை என்னிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதோ என் கையில் இருக்கிறது. திரும்பி வருகிற எண்ணம் இருப்பதால்தானே மேடம், நான் கதவைத் திறந்துவைத்திருக்க வேண்டும் என்று சாவியைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.