இரண்டு தட்டு

சேலம் ஜில்லாவில் பேய்க்குப் பயப்படாத மனுஷர் ஒருவர்தான் இருந்தார். அவர் பென்னாகரத்தில் பஸ் ஓட்டினார். பேர் மல்லையன். இதை அவரே சொன்னதால் வேறு சாட்சி தேவையில்லை. இதோ இங்கே உட்கார்ந்திருக்கிற நம் மாதேஸுக்குப் பெரியப்பா முறை... விளக்கைக் குறைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

யுத்த காலம். விளக்கு வைக்கிற நேரம். ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுப் பாதை...

முன்பு அந்த பஸ்ஸை ஓட்டியவர் வியாகுலம். இறக்கம் தொடங்கும் மேட்டில் நிறுத்துவார். பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மை உருவி, உள்ளே உராய்ந்து பிரேக் பிடிக்கிற லைனிங்கை மோந்து பார்ப்பார். எவ்வளவு தேய்ந்திருக்கிறதென்று கட்டைவிரல் நகத்தால் தடவுவார். சரியாக இருந்தால் பஸ் தகரத்தில் இரண்டு தட்டு. அப்புறம்தான் வண்டி நகரும். அந்த வருஷ மாசியில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார்.

"பிரேக்கை மோந்து பாக்கறானே, அவன் டிரைவரா, வேட்டை நாயா?" என்பார் மல்லையன்.

ஆனால் பிரேக்கைப் பார்க்காத மல்லையன் ஓட்டினால் சனங்கள் அந்த மேட்டிலேயே இறங்கி, இறக்கம் முழுக்க நடந்தார்கள். காலி பஸ்ஸை உருட்டிக்கொண்டு போகையில் மல்லையனுக்கு வயிறு எரியும். செத்தவன்மேல் பொறாமைப்படுவதில் ஒரு சங்கடம்... அவன் இனிமேல் ஒரு தப்பும் செய்யமாட்டான்.

அன்று மேட்டில் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஏறினார். ஒருவரும் இறங்கவில்லை. மல்லையனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தினமும் வருகிற முன்சீட்டுக்காரியைக் கேட்டார்.

"என்ன தீர்த்தம்மா, இன்னிக்கு நடக்கலையா?"

"எதுக்குங்க? அதான் அண்ணன் பின்னால பாத்துக்கிட்டு இருக்காருங்களே."

"எந்த அண்ணன்?"

"ஏனுங்க, தெரியாத மாதிரி கேக்கறீங்க? வியாகுலண்ணன்."

செத்தும் விடமாட்டேன் என்கிறானே! மல்லையன் ஆத்திரத்தோடு கியரில் கை வைத்தார்.

"அட, இருங்க! அவரு இன்னும் தட்டலீங்க..."

அங்கே ஒருவனும் இல்லையென்று காட்டவே, லாந்தரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

ஒருவரும் இல்லைதான்.

பின்சக்கரம் தரையில் கிடந்தது. அச்சுக்கடியில் ஜாக்கி. விரித்த துண்டின்மேல் நட்டுகள். துண்டு மல்லையனுடையது அல்ல. டிரம் தனியாக, இன்னும் சூடாக... உள்ளே பள்ளம் பள்ளமாகக் கீறல். கருகிய நாற்றம். லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த ரிவெட் ஆணித் தலைகள் பல்லைக் காட்டின. அதன் கரித்தூளில் நகத்தால் இழுத்த கோடு ஒன்று.

அன்று எல்லோரும் நடந்தார்கள். மல்லையனும்.

புது லைனிங் போட்ட பிறகு மல்லையன் தினமும் மேட்டில் நிறுத்தினார். யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, மெதுவாக மூக்கைக் கொண்டுபோவார். நகத்தால் தடவுவார். சக்கரத்தை மாட்டி, பஸ் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டு.

உள்ளே ஒருவரும் "போலாம்" என்று சொல்லமாட்டார்கள். காத்திருப்பார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து... பஸ்ஸின் ஆளில்லாத மறுபக்கத்திலிருந்து இரண்டு தட்டு.