சாக்கைப் பறித்த சட்டம்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தன் அக்காவிடம் அலுத்துக்கொண்டார்.

“இந்தச் சட்டம் வந்து என் நிம்மதியே போச்சுக்கா.”

“எந்தச் சட்டம்டா?”

“முதியோர் இல்லத்துல, புள்ளைங்க எப்ப வந்தாலும் பாக்க விடணுமாம்.”

“நல்லதுதானே?”

“உள்ள விடமாட்டேங்கிறாங்கன்னுதானே அம்மாகிட்ட இத்தன நாளா போன்ல சொல்லிக்கிட்டு இருந்தேன்!”

“இனிமே என்னா சொல்லுவ? ரோட்டுல மண்சரிவுன்னா?”

“இன்னைக்கு நம்ம அம்மன் கோயில் திருவிழாக்கா. கமிட்டித் தலைவர் நான் இல்லாம சாமி தேர்ல ஏறுமா?”

“சாமியத் தூக்கி வைக்கத் தோட்டத்துச் சனமே நிக்குது. அம்மாதான், நீ வர்றன்னு நான் சொன்னத நம்பி, விடிஞ்சதுலருந்து வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்திருக்காங்க.”

முதியோர் இல்லம் வந்ததும் அக்காவே பஸ் மணியை அடித்தார். அம்மனுக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்போடு தம்பி இறங்கினார். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.