ஏழே கால் இன்ச்

எக்செல்ல ஒண்ணு, ஒரு சாய்கோடு, ரெண்டுன்னு தட்டினா அது அரைன்னு எடுத்துக்காது சார், தேதின்னு எடுத்துக்கும். எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற எல்லாரும் இதுல மாட்டி முழிப்பாங்க. முதல்ல கட்டத்தைப் பின்னம்னு மாத்துங்க, அப்புறம் தட்டுங்கன்னு நான்தான் போய்ச் சொல்லிக் கொடுப்பேன். அந்த நாற்காலி ஆடும் சார், இதுல உட்காருங்க. மாடியிலேர்ந்து இறங்கும்போது உங்களுக்குக் கால் தடுமாறலையே? தடுமாறாது. இப்ப அந்தப் படிக்கட்டு அச்சுப் பிசகாம இருக்கு.

அண்ணனும் நானும் சேர்ந்துதான் மரவேலை ஆபீஸ் நடத்தினோம். பேச்சு அவர், அளவு நான். அவர் வாயைத் திறந்தா மூட மாட்டார், பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவார். எந்த அளவையும் நான் புள்ளி வச்சுத்தான் எழுதுவேன்னு எனக்குப் 'புள்ளி'ன்னு பேர் வச்சதும் அவர்தான். பெத்தவங்க வச்ச பேர் ரேஷன் கார்டோட சரி.

இந்த வீடு கட்டினப்ப மாடி அவர் குடும்பத்துக்கு, கீழ் அறை எனக்கு. நடுவுல மரப் படிக்கட்டு. ஒரு படியோட உயரம் 7.19 இன்ச்னு நான் ஷீட் போட்டேன். "டேய் புள்ளி, தச்சர் கையில இருக்கறது இன்ச் டேப்புடா. உன் புள்ளியை அதுல எங்கே போய்த் தேடுவார்? அரை, கால்னு மாத்து" என்றார். நியாயம்தான். பதினாறுல ஒரு பங்கு வரைக்கும் காட்டினா ஏறக்குறைய சரியா வரும்ணேன்னு ஆரம்பிச்சேன். "நான் பேசிக்கிட்டிருக்கேன்ல? குறுக்கே பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது? கால் போதும், பார்க்க நீட்டா இருக்கும்."

மாத்திட்டேன். ஒரு எண்ணையும் தொடலை சார், அதை மட்டும் எழுதிக்குங்க. கட்டத்தைக் கிளிக் பண்ணினா உள்ளே 7.19 அப்படியேதான் இருக்கும். வெளியே தெரியறது மட்டும் ஏழே கால்.

தச்சர் ஏழே காலையே வச்சு மேலேர்ந்து அளந்துகிட்டு வந்தார். படிக்குப் படி நூல் கனம் கூடி, கடைசிப் படி தரைக்கு முக்கால் இன்ச் குட்டையா நின்னுது. என்ன பண்றதுன்னு தலையைச் சொறிஞ்சுகிட்டு அண்ணன்கிட்ட கேட்டார். அண்ணன் போனைக் காதுலேர்ந்து எடுக்காமலே, "விடுங்க, யாரு அளக்கப் போறா" என்றார்.

ஆனா கால் அளக்கும் சார். ரெண்டு படி இறங்கினதுமே உயரத்தை மனப்பாடம் பண்ணிக்கும், அப்புறம் கண்ணைக் கேட்காது. முதல் நாளே அண்ணன் பேசிக்கிட்டே வந்து குப்புற விழுந்தார். கண்ணாடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அண்ணி சிரிச்ச சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நானும்தான் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் அவங்களை ஒரு தடவை ஏத்தி இறக்கிக் காட்டுவார். தடுமாறினதும், "எல்லாம் நம்ம புள்ளி போட்ட கணக்கு" என்பார். எனக்குப் பேசி முடிச்சிருந்த பொண்ணு வந்தப்பவும் அதே கூத்து. "படிக்கே கணக்குத் தெரியாதவன், குடும்பத்துக்கு என்னம்மா போடப் போறான்?" அவளும் சிரிச்சா. அப்புறம் அவங்க வீட்டிலேர்ந்து போனே வரலை. வலிச்சுது சார். மறைக்க என்ன இருக்கு, ரொம்ப வலிச்சுது.

போகப் போக எங்க எல்லாருக்கும் கால் பழகிடுச்சு. கடைசிப் படி வந்தா பாதம் தானா அடங்கி இறங்கும். அண்ணனுக்கு எங்களைவிட நல்லாப் பழகியிருந்துது. அவர் வேலையா வெளியூர் போயிருந்த சமயம், ஒரு தப்பை எத்தனை நாள்தான் வச்சிருக்கறதுன்னு தோணுச்சு. ஷீட்டைப் பழையபடி புள்ளிக்கே மாத்தினேன். தச்சரைக் கூப்பிட்டு, பலகைங்களைக் கழட்டி, எல்லாப் படியையும் ஒரே உயரமா வைக்கச் சொல்லி, பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டேன். தப்பைத் திருத்தறது குத்தம்னு எந்தச் சட்டத்துலயாவது இருக்கா சார்?

வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். அண்ணிகிட்ட, குழந்தைங்ககிட்ட, பால் போட வர்றவர்கிட்டகூட. எல்லாரும் நாலு தடவை ஏறி இறங்கிப் பழகிக்கிட்டாங்க. "அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன் அண்ணி, நீங்க வாயைத் திறக்காதீங்க"ன்னேன். பாவம், அவங்களும் சரின்னுட்டாங்க. படிக்கு எதிர்ல இருக்கே கல் தொட்டி, அதை அங்கே நகர்த்தினதும் நான்தான். செடிக்கு வெளிச்சம் அங்கேதான் நல்லா விழும்.

அண்ணன் தலை அதோட விளிம்புலதான் பட்டுது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. கால் பழைய படியைத் தேடியிருக்கு, அந்த இடத்துல முக்கால் இன்ச் வெறும் காத்து. விழுவார்னு தெரியுமான்னு கேட்கறீங்க. தெரியும் சார். தச்சர்மேல சந்தேகப்படாதீங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது.

ஏன் சொல்லலைன்னுதானே திரும்பத் திரும்பக் கேட்கறீங்க. சொல்லத்தான் நினைச்சேன். ஊர்லேர்ந்து வந்த மறுநாள் காலையில, இதோ இங்கேதான் டம்ளரும் கையுமா நின்னுகிட்டிருந்தேன். அண்ணன் மேலேர்ந்தே ஆரம்பிச்சுட்டார்.

"டேய் புள்ளி, போன இடத்துல அந்தப் பொண்ணு வீட்டுக்கும் ஒரு எட்டுப் போனேன்டா. உட்கார்ந்து பேசினேன். கால் போதும்னு சொன்னவன் நான்தாம்மா, அந்தப் படி என் தப்பு, என் தம்பி கணக்குல ஒரு நாளும் பிசகினது இல்லைன்னு சொல்லிட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா..."

அப்ப அவருக்கு இன்னும் நாலு படி பாக்கி இருந்துது சார். வாயைத் திறந்தேன். ஆனா அண்ணன் பேசிக்கிட்டிருந்தார். குறுக்கே பேசினா அவருக்குப் பிடிக்காது.