இன்னொண்ணு

— நர்ஸ் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. எழுந்திரு.

— நான் ரத்தம் குடுக்கப் போறதில்லை அத்தை. முடிவு பண்ணிட்டேன்.

— முடிவு பண்ண நீ யாரு? குழந்தையோட கழுத்துக்குப் பின்னாடி நீர் கொஞ்சம் கூடத் தெரியுதுன்னு ஸ்கேன் பாத்துட்டு டாக்டரம்மா சொல்லலையா? ரத்தத்தைப் பாத்தா இன்னும் தெளிவாயிடும்ங்கிறாங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

— ஊசிக்குப் பயந்து சொல்லலை. தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?

— ஊர்ல எல்லாரும் என்ன பண்றாங்களோ அதை.

— மெதுவா பேசுங்க. பாப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கா.

— இருக்கட்டுமே. முப்பது வயசாச்சு, இன்னும் பாப்பா! பெத்தவ நான் சொல்றேன், இவளுக்கு ஒரு மண்ணும் புரியாது.

— அண்ணி, பட்டன் கழண்டுடுச்சு.

— நீயே போடு செல்லம். ஸ்கூல்ல எப்படிப் போட்டோம்? கீழேருந்து ஆரம்பி. ஆங், அப்படித்தான்... இவளுக்கு எல்லாம் புரியும் அத்தை. ஸ்பெஷல் ஸ்கூல்ல என் வகுப்புல இருந்தவ இவ. இவளை மாதிரி ஒண்ணு பொறந்தா வளக்கத் தெரியாதவளா நான்?

— பெரிய டீச்சரு! மணி அடிச்சா நீ பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவே. நான் எங்கடி கிளம்புறது?

— கஷ்டம்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா எவ்வளவு ஆசையா வளத்திருக்கீங்க...

— ஆசையா? யாரு சொன்னா உனக்கு? காய்ச்சல் வந்து இவ மூச்சுத் திணறுறப்பல்லாம் பக்கத்துல உக்காந்து என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா?

— வேணாம் அத்தை. சொல்லாதீங்க.

— இன்னியோட போயிடட்டும்னு. அப்புறம் மூச்சு சரியாயிடும். நானும் எழுந்து போய்ப் பால் காய்ச்சுவேன். என் காலத்துல இந்த ஊசி இருந்திருந்தா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடியிருப்பேன்.

— அம்மா, ஊசி வேணாம்.

— உனக்கில்லை. வாயை மூடு.

— பயப்படாதே செல்லம். அடுத்த பட்டனைப் போடு பாக்கலாம்... இவ்வளவு வெறுப்பை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் குளிப்பாட்டி விட்டீங்க?

— வெறுப்போ என்னவோ, எனக்கப்புறம் யாரு குளிப்பாட்டுவா? அதைச் சொல்லு.

— நான்தான். இது கேக்கணுமா?

— அதனாலதான் சொல்றேன். இவளோட இன்னொண்ணும் சேந்துச்சுன்னா உன்னால முடியாது. ரெண்டுல ஒண்ணை இறக்கி வெச்சிடுவே. பெத்ததை இறக்க மனசு வருமா? இவளைத்தான் எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளுவே.

— அதுக்காக என் குழந்தையை இப்பவே இறக்கி வைக்கணுமா?

— ஆமா.

— உங்க வாயால ஆமான்னு சொல்லிட்டீங்களே! அவரு வரட்டும். இதுக்கு அவரு ஒத்துக்கவே மாட்டாரு.

— அவன்தான் என்னை உன்கூட அனுப்பினான். கெட்ட பேரு வர்ற வேலைன்னா அம்மாதான் வேணும் அவனுக்கு.

— பொய் சொல்றீங்க. என்னை ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டவரு அவரு. பாப்பாவைக் கூப்பிட வர்ற சாக்குல ஜன்னலோரமா நின்னு என்னையே பாத்துக்கிட்டு நிப்பாரு. முதல்முதலா எங்கிட்ட பேசினது, பாப்பா என் மேலெல்லாம் வாந்தி எடுத்த அன்னிக்கு. ஓடிப்போய்த் தண்ணி கொண்டுவந்து குடுத்தாரு. அவரு முகத்துல அன்னிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

— இருக்காதா பின்னே? எங்கிட்டயும் வந்து சொன்னானே.

— என்ன சொன்னாரு?

— 'ஒரு டீச்சர் இருக்காம்மா. பாப்பா வாந்தி எடுத்தும் முகம் சுளிக்காம கழுவி விட்டா. உனக்கப்புறம் இவளைப் பாத்துக்க ஆள் கிடைச்சாச்சு, கட்டிக்கட்டுமா?'ன்னான்.