உழிச்சில் இயந்திரம்

எனக்கு முதுகுவலி உண்டு, சார். அதனால்தான் கழக்கூட்டம் என்ற ஊரில் எங்கள் சின்ன கம்பெனி உழிச்சில் செய்யும், அதாவது உடம்பைப் பிடித்துவிடும் ரோபோவைத் தொடங்கியபோது, அதன் கையைச் செய்யும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். வயதில் மூத்தவன் என்று கொடுத்தார்கள். திறமையைப் பார்த்துக் கொடுத்திருந்தால் இப்போது நாம் சந்தித்திருக்க மாட்டோம்.

அந்தக் கை காற்றில் ஓடும் சிலிண்டர். காற்றை விட்டால் அதற்குள் இருக்கும் தண்டு முழுக்க நீளும். எடுத்தால் முழுக்க உள்ளே போகும். முதுகைப் பதமாக அழுத்த அது நடுவில் நிற்க வேண்டும். நான் சொன்ன இடத்தில் ஒருநாளும் நிற்கவில்லை. சோதனைக்கு முதுகுக்குப் பதிலாக வைத்த மணல் மூட்டைகளைக் கிழித்துத் தள்ளினேன். "காற்றோட சுபாவம் அப்படி" என்று மீட்டிங்கில் விளக்கினேன். தலையாட்டினார்கள்.

பிறகு ஆதிரா வேலைக்குச் சேர்ந்தாள். பாறசாலைப் பெண், எங்கள் ஊர்ப்பக்கம். தண்டு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கும் சென்சாரைப் பொருத்தினாள். அந்த அளவுக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வையும் வைத்தாள். கை சொன்ன இடத்தில் நின்றது. முதலாளி ஆதர்ஷ் எல்லார் முன்னாலும், "இவ்வளவு சிம்பிளாயிருந்நோ, ஜெயன் சாரே?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்ததாக ஞாபகம்.

முதலீட்டாளர்கள் வந்த அன்று காலையில் சென்சாரின் திருகைத் தளர்த்தினேன். சென்சார் நழுவினால், தண்டு இன்னும் வந்து சேரவில்லை என்றே கருவி நினைக்கும், கடைசிவரை தள்ளும். மூட்டை கிழியும். அவளும் காற்றின் சுபாவத்தைப் பற்றிப் பேசுவாள். அவ்வளவுதான் என் ஆசை. என் அளவுக்கு ஏற்ற ஆசை.

ஆனால் அவள் மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"எதுக்கு மோளே, மூட்டை போதும்" என்றேன்.

"மூட்டையில காட்டினா ஆரு நம்புவா, அண்ணே? நானே கெடக்கேன். இத நீங்க வச்சிருங்க" என்று, இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை என்னிடம் தந்துவிட்டு மேசையில் குப்புறப் படுத்தாள்.

கை மெதுவாகத்தான் இறங்கியது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியது. "அண்ணே" என்றாள். அலறவில்லை, கூப்பிட்டாள். பொத்தான்மேல்தான் என் விரல் இருந்தது. அழுத்தவில்லை. எலும்பு முறிந்த சத்தம் கேட்ட பிறகும் சற்று நேரம் அழுத்தவில்லை.

இனி நடக்க மாட்டாள் என்கிறார்கள் டாக்டர்கள். வருத்தம்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். நான் அழுத்தியிருந்தால், அவள் செய்த கை என் உதவி இல்லாமல் நிற்காது என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அந்த அவமானம் அந்தப் பெண்ணுக்கு வரக்கூடாது என்றுதான் பேசாமல் நின்றேன்.